கருப்பைக் கட்டி எல்லாம் புற்றுநோய் ஆகுமா?

"கட்டி" என்னும் சொல்லைப் போல நம் இல்லங்களில் அச்சம் விளைவிக்கும் சொல் வேறொன்று உண்டோ என்பது ஐயமே. முதுகில் எழுந்த கட்டி என்றால் களிம்பு தடவிக்கொண்டு வேலையைப் பார்க்கிறோம். அதே சொல் கருப்பையோடு சேர்ந்து வந்துவிட்டாலோ, வீடே கலங்கிப் போகிறது. ஸ்கேன் எடுத்துவிட்டு வந்த பெண், கையிலுள்ள தாளில் எழுதியிருப்பது இன்னதென்று அறியாமலேயே, தனக்குப் புற்றுநோய் வந்துவிட்டதென முடிவு செய்துகொள்கிறாள். கணவர் நகையை அடகு வைக்க ஓடுகிறார். மாமியார் வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொள்கிறார். ஒரு வாரத்திற்குள் அறுவை முடிந்து, முப்பத்தைந்து வயதுப் பெண் கருப்பையில்லாதவளாக வீடு திரும்புகிறாள். அகற்றப்பட்டது புற்றுநோய்தானா என்று கேட்பார் ஒருவருமில்லை.

இதற்கு நேர்மாறான காட்சியும் உண்டு. மாதவிலக்கு நின்று ஆறு ஆண்டுகள் கடந்த ஒரு தாய்க்கு மீண்டும் சிறிது உதிரம் படுகிறது. மகனிடம் சொல்ல நாணம்; மருமகளிடம் சொல்லத் தயக்கம். "உடம்புச் சூடு" என்று தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொண்டு, இளநீரும் வெந்தயமும் உட்கொண்டு ஓராண்டைக் கடத்திவிடுகிறார். நோய் அவருக்காகக் காத்திருப்பதில்லை.

முன்னவள் அஞ்ச வேண்டாததற்கு அஞ்சினாள். பின்னவர் அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாதிருந்தார். இவ்விருவருக்கும் தெரிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்றே. அதைச் சற்று விரிவாகச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். நான் மருத்துவம் பயின்றவனல்லன். மருத்துவர்களைக் கேட்டும் அவர்தம் நூல்களைப் படித்தும் அறிந்தவற்றையே எழுதுகிறேன்.

மந்தாரக்குப்பத்தில் இருந்துகொண்டு இதனை எழுதக் காரணமுண்டு. நெய்வேலி நகரியத்தை ஒட்டிக் கடைத்தெருவும் பேருந்து இரைச்சலுமாக விளங்கும் இவ்வூரில், சுரங்கத்தையும் அனல்மின் நிலையங்களையும் நம்பி வாழும் குடும்பங்கள் பல. நிரந்தரப் பணியாளர் வீட்டுப் பெண்களுக்கு நிறுவனத்தின் மருத்துவமனை உண்டு. ஒப்பந்தத் தொழிலாளர் வீட்டுப் பெண்ணுக்கோ மருத்துவமனைக்குச் செல்வதென்றாலே ஒரு நாள் கூலி போய்விடும். எவ்வீட்டாராயினும், பங்கு இல்லத்தின் திண்ணையில் வந்து அமர்ந்து குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது: "சாமி, கர்ப்பப்பையை எடுத்துடச் சொல்றாங்க. எடுக்கலைன்னா கேன்சர் ஆயிடுமாம். எடுக்கலாமா? பாவம் இல்லையா?"

இதில் இரண்டு கேள்விகள் அடங்கியுள்ளன. எடுக்காவிட்டால் புற்றுநோய் ஆகுமா என்பது முதலாவது. எடுப்பது பாவமா என்பது இரண்டாவது. முதற்கேள்விக்கு விடை தெரியாமல் இரண்டாவதற்கு விடை கூற இயலாது.

நார்க்கட்டி என்பது யாது?

ஸ்கேன் தாளில் "ஃபைப்ராய்டு" என்று குறிப்பிடப்படுவது கருப்பையின் தசைச் சுவரில் தோன்றும் கட்டி. தமிழில் இதனை நார்க்கட்டி என்பர். அறுத்துப் பார்த்தால் தேங்காய் நாரைச் சுருட்டி வைத்தாற்போல் வெளிறிய நிறத்தில் சுழிசுழியாக இருக்கும். சிலருக்கு மிளகளவு, சிலருக்குத் தேங்காயளவு. ஒன்றிருக்கலாம், பத்தும் இருக்கலாம். ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண்மைச் சுரப்பினால் இவை வளர்கின்றன. ஆதலால் மாதவிலக்கு நின்றபின் பெரும்பாலும் தாமே சுருங்கிவிடுகின்றன.

இவை எவ்வளவு பரவலானவை என்பதை அறிந்தால் பாதி அச்சம் நீங்கும். அமெரிக்காவில் பெண்களை வரிசையாக ஸ்கேன் செய்து பார்த்து 2003-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் ஆய்வின்படி, ஐம்பது வயதை எட்டுவதற்குள் வெள்ளையினப் பெண்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினருக்கும், கறுப்பினப் பெண்களில் 80 விழுக்காட்டிற்கு மேற்பட்டோருக்கும் நார்க்கட்டி இருந்தது. அவர்களுள் பலருக்குக் கட்டி இருப்பதே தெரியாது. கட்டியெல்லாம் புற்றாக மாறுமானால் பெண்குலம் என்றோ அழிந்திருக்க வேண்டுமே!

நார்க்கட்டி புற்றுநோயன்று. அது நாளடைவில் புற்றுநோயாக மாறும் என்பதும் சரியன்று. கருப்பைத் தசையில் தோன்றும் புற்றுநோய் ஒன்று உண்டு. அதனைத் தசைச் சதைப்புற்று எனலாம். அது மிக அரிது. அதுவும் பெரும்பாலும் தொடக்கத்திலேயே புற்றாகத் தனியே பிறக்கிறதேயன்றி, பழைய நார்க்கட்டி ஒன்று கெட்டுப்போய் அவ்வாறு ஆவதில்லை என்பதே இன்றைய வல்லுநர்களின் கருத்து. ஆயிரம் நார்க்கட்டிகளை எடுத்துப் பார்த்தால் ஒன்றுகூடத் தேறுவது அரிது என்று மருத்துவ நூல்கள் கூறுகின்றன.

அரிது என்பதால் இல்லை என்று ஆகிவிடாது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் மயக்க மருத்துவராகப் பணிபுரிந்தவர் ஏமி ரீடு அம்மையார். ஆறு குழந்தைகளின் தாய். 2013 அக்டோபரில் நார்க்கட்டிக்காகக் கருப்பையை அகற்றிக்கொண்டார். வயிற்றைப் பெரிதாகக் கிழிக்காமல், சிறு துளை வழியே சுழலும் கத்தியை நுழைத்து, உறுப்பைத் துண்டுதுண்டாக்கி வெளியே எடுக்கும் முறையைக் கையாண்டனர். பின்னர் வந்த அறிக்கையில்தான் உள்ளே தசைச் சதைப்புற்று ஒளிந்திருந்தது தெரிந்தது. சுழன்ற கத்தி அதன் துகள்களை வயிறெங்கும் சிதறடித்திருந்தது. அவரும் அவர் கணவரும் அக்கருவிக்கு எதிராக ஓயாது போராடினர். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2014-இல் கடுமையான எச்சரிக்கை விடுத்தது. நார்க்கட்டிக்காக அறுவை செய்துகொள்ளும் பெண்களில் 350 பேருக்கு ஒருவர் வீதம் இத்தகைய புற்று மறைந்திருக்கலாம் என்று அப்போது அது மதிப்பிட்டது. பின்வந்த ஆய்வுகள் இவ்வெண்ணிக்கையைக் குறைத்தே காட்டின. எனினும் ஏமி ரீடு 2017 மே மாதம் காலமானார்.

இவ்வரலாற்றைச் சொல்வது அச்சுறுத்துவதற்கன்று. மாதவிலக்கு நின்றபின் சுருங்க வேண்டிய கட்டி வளர்ந்தால், அல்லது புதிதாகத் தோன்றினால், அதனை "பழைய கட்டிதானே" என்று விட்டுவிடலாகாது. சிறு துளை அறுவைக்கு உடன்படுமுன், உறுப்பை எவ்வாறு வெளியே எடுப்பீர்கள் என்று மருத்துவரை ஒரு வார்த்தை கேட்பதும் நன்று.

கவலைப்பட வேண்டிய இடம்

மெய்யாகவே கவனிக்க வேண்டியது கருப்பையின் தசையிலன்று, அதன் உட்சவ்விலேயே உள்ளது. வெளியே தெரியும் பெரிய கட்டிக்கு அஞ்சி நடுங்குகிறோம்; உள்ளே மெல்லத் தடித்து வரும் சவ்வைப் பற்றிக் கேள்விப்பட்டதுமில்லை!

மாதந்தோறும் நிகழ்வது இது: ஈஸ்ட்ரோஜன் கருப்பையின் உட்சவ்வை வளர்க்கிறது. கருமுட்டை வெளிப்பட்டபின் சுரக்கும் புரோஜெஸ்ட்ரோன் அவ்வளர்ச்சியை நிறுத்திப் பக்குவப்படுத்துகிறது. கரு தங்காவிடில் அச்சவ்வு உதிர்ந்து மாதவிலக்காக வெளியேறுகிறது. கருமுட்டை வெளிப்படாத மாதங்களில் இரண்டாவது சுரப்பு இல்லை. வளர்ப்பது மட்டுமே நடக்கும். நிறுத்துவதும் உதிர்ப்பதும் இல்லை. உரமிட்டுக்கொண்டே இருந்து அறுவடையே செய்யாத வயலை எண்ணிப் பாருங்கள். இவ்வாறு சவ்வு அளவுமீறித் தடித்துப்போவதையே உட்சவ்வு மிகைவளர்ச்சி என்கின்றனர். ஸ்கேன் தாளில் "எண்டோமெட்ரியம் தடிப்பு" என்றிருந்தால், இதுவாக இருக்குமோ என்று ஆராய வேண்டும் என்று பொருள்.

இந்நிலை யாருக்கு வருகிறது? மாதவிலக்கு ஒழுங்கின்றி இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை வருவோருக்கு, சூலகத்தில் நீர்க்கட்டிகள் பல உடையோருக்கு, விலக்கு நிற்கும் தறுவாயில் உள்ளோருக்கு, உடற்பருமன் மிக்கோருக்கு. கொழுப்புத் திசுவும் ஈஸ்ட்ரோஜனை உண்டாக்கும் என்பதால் பருமன் இதில் முதன்மையான இடம் பெறுகிறது. நீரிழிவும் கூடவே வரும் துணை. மார்பகப் புற்றுக்காகத் தமோக்சிபென் மாத்திரை உட்கொள்வோரும் விழிப்பாயிருக்க வேண்டும். அம்மாத்திரை மார்பகத்தில் ஈஸ்ட்ரோஜனைத் தடுத்தாலும் கருப்பைச் சவ்வில் அதைப்போலவே செயல்படுகிறது. அதற்காக மாத்திரையை நிறுத்திவிடலாகாது. உதிரம் பட்டால் உடனே சொல்ல வேண்டும், அவ்வளவே.

ஈஸ்ட்ரோஜன் தனித்து நின்றால் என்ன செய்யும் என்பதை உலகம் அறிந்துகொண்ட விதம் துயரமானது. 1960-களில் அமெரிக்காவில், விலக்கு நின்ற பெண்கள் என்றும் இளமையோடு இருக்கலாம் என்று சொல்லி, ஈஸ்ட்ரோஜன் மாத்திரைகளைப் பெருவாரியாக விற்றனர். 1975 டிசம்பரில் வெளிவந்த இரண்டு ஆய்வுகள், அம்மாத்திரை உட்கொண்டோருக்குக் கருப்பை உட்சவ்வுப் புற்று பன்மடங்கு மிகுதியாக வந்ததை எடுத்துக்காட்டின. புரோஜெஸ்ட்ரோனையும் சேர்த்துக் கொடுத்தால் அவ்வாபத்து நீங்குவதும் பின்னர் அறியப்பட்டது.

நிற்க. சவ்வு தடித்தோர் அனைவருக்கும் புற்று வருமோ? இங்கேதான் மிகவும் பயனுள்ள ஒரு செய்தி உள்ளது. அமெரிக்க நோய்க்குறியியல் வல்லுநர் ராபர்ட் கர்மன் என்பாரும் அவர் துணைவரும், மிகைவளர்ச்சி இருந்தும் கருப்பையை அகற்றாமல் விடப்பட்ட 170 பெண்களின் நிலையைப் பல்லாண்டு பின்தொடர்ந்து, 1985-இல் முடிவுகளை வெளியிட்டனர். சவ்வின் அணுக்களை நுண்ணோக்கியில் பார்த்து இரு கூறாக்கினர். அணுக்கள் எண்ணிக்கையில் பெருகியிருந்தும் உருவம் கெடாதோர் 122 பேர். அவர்களுள் புற்றுநோய் கண்டவர் இருவர் மட்டுமே. அணுக்களின் உருவமே திரிந்திருந்தோர் 48 பேர். அவர்களுள் 11 பேருக்குப் புற்று வந்தது. நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு எங்கே, இருபத்துமூன்று எங்கே! இரு சாராருக்கும் நோயின் பெயர் ஒன்றே, உதிரப்போக்கும் ஒன்றே. வேறுபாட்டை வெறுங்கண்ணும் காட்டாது, ஸ்கேனும் காட்டாது. சவ்விலிருந்து சிறிது எடுத்து ஆராய்ந்தால் மட்டுமே தெரியும்.

நம் ஊரார் "சதை டெஸ்ட்" என்கிறார்களே, அதுதான் இது. முன்பெல்லாம் மயக்கம் கொடுத்துச் சுரண்டி எடுக்க வேண்டியிருந்தது. இப்போது மெல்லிய குழாயொன்றை உட்செலுத்திச் சில நிமிடங்களில் புறநோயாளர் பிரிவிலேயே எடுத்துவிடுகின்றனர். நெய்வேலியில் வாழும் நமக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. 1957-இல் இங்குச் சுரங்க வேலை தொடங்கு முன்னர், பல்லாண்டுகள் நிலத்தைத் துளையிட்டு, கீழே கிடப்பது இன்னதென்று எடுத்துப் பார்த்தபின்தானே தோண்டத் துணிந்தார்கள்? மண்ணுக்குக் காட்டிய நிதானத்தை மனைவியின் உடலுக்கும் காட்டலாம்.

அணுக்களின் உருவம் திரியாதிருந்தால், புரோஜெஸ்ட்ரோன் வகை மருந்தினாலேயே பெரும்பாலோருக்குச் சவ்வு பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது. எடையைக் குறைப்பதும் சிகிச்சையில் ஒரு பகுதியே. உருவம் திரிந்திருந்தால் நிலைமை வேறு. 2006-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், சதை ஆய்வில் இத்திரிபு மட்டுமே கண்ட 289 பெண்களுக்குக் கருப்பையை அகற்றிப் பார்த்தபோது, அவர்களுள் 123 பேருக்கு ஏற்கெனவே உள்ளே புற்றுநோய் இருந்தது. இத்தகையோருக்குக் கருப்பையை அகற்றுவதே மருத்துவர்கள் கூறும் முதல் வழி. ஆகவே, "எக்காரணம் கொண்டும் எடுக்காதீர்கள்" என்று நான் கூற வரவில்லை.

பெரும்பாடு என்னும் துன்பம்

மிகையான உதிரப்போக்கை நம் முன்னோர் "பெரும்பாடு" என்றனர். என்னே பொருத்தமான சொல்! நற்செய்தியில் பன்னிரண்டு ஆண்டுகள் இத்துன்பத்தால் வருந்திய பெண்ணை நாம் அறிவோம். கையிலிருந்ததை எல்லாம் மருத்துவருக்குக் கொடுத்தும் பயனின்றி, கூட்டத்தில் மறைந்து பின்புறமாக வந்தவள் அவள். அக்காலத்து யூத வழக்கப்படி அவள் தீண்டத்தகாதவள். நம் வீடுகளிலும் அவ்வழக்கின் நிழல் இன்னும் முற்றும் விலகவில்லை. விலக்கானவளை ஓரமாக அமர்த்தி வைத்த பாட்டிமார் வழக்கம் போயிருக்கலாம். அதைப்பற்றி வாய்திறக்கக் கூடாது என்னும் கட்டுப்பாடு மட்டும் போகவில்லை.

இம்மௌனத்தின் விலை பெரிது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள். உணவுக் குறைவோடு, மாதந்தோறும் அளவுமீறிப் போகும் உதிரமும் இதற்குக் காரணம். படியேறினால் மூச்சு வாங்குகிறது, முகம் வெளிறுகிறது. "வீட்டு வேலை அதிகம்" என்று விட்டுவிடுகிறோம்.

வயது முதிர்ந்த தாய்மார்களுக்குத் தனியே ஒரு சொல். விலக்கு நின்று ஓராண்டு கழிந்தபின் ஒரு துளி உதிரம் பட்டாலும் அது இயல்பன்று. அவ்வாறு படும் பெண்களை ஆராய்ந்தால், நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்பது பேருக்கு உட்சவ்வுப் புற்று இருப்பதாகப் பன்னாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் கணக்கிட்டனர். எஞ்சிய தொண்ணூற்றொரு பேருக்குச் சவ்வு மெலிதல், சிறு தசைத்தொங்கல் போன்ற எளிய காரணங்களே. ஆனால் உட்சவ்வுப் புற்று வந்தோருள் பத்தில் ஒன்பது பேருக்கு அந்த உதிரமே முதல் அறிகுறியாக அமைகிறது. புற்றுநோய்களுள் இவ்வளவு தெளிவாகக் கதவைத் தட்டிவிட்டு வருவன சிலவே. அப்போதே சென்றால் பெரும்பாலும் அறுவையோடு நோய் தீர்ந்துவிடும். வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகொள்வதை நான் தடுக்கவில்லை. நேர்ந்துகொண்ட கையோடு மருத்துவமனைக்கும் செல்லுங்கள். கடலூர், விருத்தாசலம் அரசு மருத்துவமனைகள் அருகிலேயே உள்ளன. புதுவை ஜிப்மரும், 1923-இல் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் முயன்று 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையமும் எட்டாத தொலைவில் இல்லை.

கர்ப்பவாய்ப் புண்

இன்னொரு சொல்லையும் இங்கே தெளிவுபடுத்த வேண்டும். "கர்ப்பவாயில் புண் இருக்கிறது, விட்டால் கேன்சர்" என்று பல பெண்களிடம் கூறப்படுகிறது. கருப்பையின் கழுத்து வாயில் சிவந்து தோன்றும் இடம் பெரும்பாலும் புண்ணே அன்று; உட்புறச் சவ்வு சிறிது வெளிப்புறம் படர்ந்திருப்பதே. இளம் பெண்களிடம் இஃது இயல்பாகவே காணப்படும். அது புற்றாவதில்லை.

கருப்பைவாய்ப் புற்று என்பது வேறு. அதற்குக் காரணம் ஒரு நச்சுயிரி. இதனைக் கண்டறிந்த ஜெர்மானிய அறிஞர் ஹெரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008-இல் நோபல் பரிசு கிடைத்தது. அது புற்றாக முற்றுவதற்குப் பல ஆண்டுகள் பிடிக்கும். அதற்குள் கண்டுபிடித்துவிட்டால் சிறு சிகிச்சையே போதும். சிவப்பு நிறத்தைப் பார்த்து அஞ்சுவதற்குப் பதில் பரிசோதனை செய்துகொள்வதே வழி. அப்பரிசோதனை எவ்வளவு எளிது என்பதை உலகிற்குக் காட்டியது நம் திண்டுக்கல் மாவட்டம் என்பதில் நாம் பெருமை கொள்ளலாம். ஒட்டன்சத்திரத்தை அடுத்த அம்பிளிக்கை கிறிஸ்தவ மருத்துவமனை அங்கம் வகித்த ஆய்வு ஒன்றில், 2000-ஆம் ஆண்டு தொடங்கி, 30 முதல் 59 வயது வரையுள்ள 49,311 பெண்களைச் சோதனைக்கு அழைத்தனர். பயிற்சி பெற்ற செவிலியர் கருப்பைவாயில் நீர்த்த காடியைத் தடவி, வெள்ளையாக மாறும் இடம் உண்டா என்று விளக்கொளியில் பார்த்தார்கள். காடி என்றால் ஊறுகாய்க்கு ஊற்றும் வினிகர்தான்! 2007-இல் வெளியான முடிவின்படி, சோதனைக்கு அழைக்கப்படாத பகுதிகளோடு ஒப்பிட, அப்பகுதிகளில் இப்புற்றால் இறப்போர் 35 விழுக்காடு குறைந்திருந்தனர்.

அச்சமே முதலீடான கதை

ஒரு நோயைப் பற்றிய அறியாமை பரவலாக இருக்கும் இடத்தில், அவ்வறியாமையை விலைபேசும் கைகளும் வந்து சேரும். 2015-16 தேசியக் குடும்பநல ஆய்வு, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 3.2 விழுக்காட்டினர் கருப்பையை இழந்தவர்கள் என்று கண்டது. ஆந்திராவில் இது 8.9 விழுக்காடு. அறுவை செய்துகொண்ட வயதோ, பாதிப்பேருக்கு 34-க்கும் கீழ். முப்பத்துநான்கு வயது! பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்குத் தலைவாரிவிடும் வயது. மூன்றில் இரண்டு பங்கு அறுவைகள் தனியார் மருத்துவமனைகளில் நடந்தவை.

மராட்டிய மாநிலத்துப் பீட் மாவட்டத்துச் செய்தி இன்னும் வருந்தத்தக்கது. அங்கிருந்து கரும்பு வெட்டக் கணவனும் மனைவியுமாக வெளியூர் செல்வர். ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் ஒப்பந்தக்காரருக்கு அபராதம் செலுத்த வேண்டும். விலக்கு நாட்களின் வலியோடும் வெள்ளைப்பாட்டோடும் மருத்துவரிடம் செல்லும் பெண்ணிடம், "எடுத்துவிடு, இல்லையேல் புற்று வரும்" என்று சொல்லப்பட்டது. மூன்று ஆண்டுகளில் அம்மாவட்டத்தில் 4,605 பெண்களுக்குக் கருப்பை அகற்றப்பட்டதாக 2019 ஜூனில் அம்மாநில அமைச்சரே சட்ட மேலவையில் தெரிவித்தார். கடன் வாங்கி அறுவை செய்துகொண்டு, கடனை அடைக்க மீண்டும் கரும்புத் தோட்டத்துக்கே சென்றார்கள்.

இராஜஸ்தான், பீகார், சத்தீஸ்கர் மாநிலங்களிலும் இத்தகைய முறைகேடுகள் வெளிவந்தன. டாக்டர் நரேந்திர குப்தா தொடுத்த பொதுநல வழக்கில், 2023 ஏப்ரல் 5-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேவையற்ற கருப்பை அறுவைகளைத் தடுக்க மத்திய அரசு வகுத்த நெறிமுறைகளை எல்லா மாநிலங்களும் மூன்று மாதங்களுக்குள் ஏற்றுச் செயற்படுத்த வேண்டும் என்றது. நேர்மையாகத் தொழில் செய்யும் மருத்துவர் பலரை நான் அறிவேன். அவர்களே இதனைக் கேட்டு முதலில் வெட்கினார்கள்.

இளம் வயதில் கருப்பையோடு சூலகங்களையும் எடுத்துவிட்டால், விலக்கு நிற்கும் காலம் ஒரே நாளில் வந்துவிடுகிறது. எலும்பு மெலிகிறது, இதயநோய்க்கும் இடமாகிறது. "இனி எதற்கு அது?" என்று எளிதாகக் கேட்டுவிடுகிறார்கள். உடல் அவ்வாறு நினைப்பதில்லை.

வேறு வழிகள் உண்டு. சிறு கட்டி, தொல்லையில்லை என்றால் ஒன்றும் செய்யாமல் ஆண்டுக்கு ஒருமுறை பார்த்துக்கொள்வதே போதும். உதிரப்போக்கிற்கு மாத்திரைகள் உண்டு. இரும்புச்சத்து மருந்தும் உண்டு. கட்டியை மட்டும் எடுத்துக் கருப்பையைக் காக்கும் அறுவையும் உண்டு. இவ்வறுவையை வளர்த்தவர்களுள் இங்கிலாந்தின் விக்டர் பானி குறிப்பிடத்தக்கவர். அவர் மனைவியார் மகப்பேறு காணுமுன்பே நார்க்கட்டியால் கருப்பையை இழக்க நேர்ந்தது. அத்துயரமே அவரை இவ்வழியில் செலுத்திற்று என்பர். கட்டிக்குச் செல்லும் இரத்தக் குழாயை அடைத்து அதனைச் சுருங்கச் செய்யும் முறை 1995-இல் பாரிஸ் நகரில் அறிவிக்கப்பட்டு, இப்போது நம் பெரிய மருத்துவமனைகளிலும் நடைபெறுகிறது.

இனி, பாவமா என்ற கேள்வி. நோயுற்ற கருப்பையை உயிருக்காகவோ உடல்நலத்துக்காகவோ அகற்றுவது பாவமன்று. அதன் விளைவாக இனிப் பிள்ளைப்பேறு இல்லை என்றாலும் பாவமன்று. திருத்தந்தை ஆறாம் பவுல் 1968-இல் வெளியிட்ட 'மனித உயிர்' என்னும் சுற்றுமடலே, நோய் தீர்க்கும் சிகிச்சையால் கருத்தரிப்பு தடைபட்டாலும் அச்சிகிச்சை தகும் என்று தெளிவாக்கியுள்ளது. எனவே சவ்வுத் தடிப்பைக் குணப்படுத்தப் புரோஜெஸ்ட்ரோன் மருந்து உட்கொள்வதிலும் தயக்கம் வேண்டாம். நோயில்லாத கருப்பையைப் பிள்ளை வேண்டாம் என்பதற்காக எடுப்பதையே திருச்சபை மறுக்கிறது. விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 1993 ஜூலை 31-ஆம் நாள் அளித்த விடைகளிலும் இவ்வேறுபாட்டைக் காணலாம். என்னிடம் கேட்க வரும் சகோதரிகளுள் பலர் பாவத்திற்கு அஞ்சுமளவு பரிசோதனையைப் பற்றி நினைப்பதில்லை. "சதை டெஸ்ட் எடுத்தாச்சா, அம்மா?" என்று நான் கேட்டால் விழிக்கிறார்கள்.

மருத்துவர் அறுவை என்று சொன்னால், கணவரோ மகனோ உடன் சென்று, எதற்காக, சதை ஆய்வின் முடிவு என்ன, வேறு மருந்து உண்டா, சூலகங்களையும் எடுப்பீர்களா என்று பணிவாகக் கேளுங்கள். அவசரமான உதிரப்போக்கைத் தவிர மற்றவற்றுக்கு இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேட்கப் பத்து நாட்கள் தாராளமாக உண்டு. அறுவை முடிந்தபின், எடுத்த உறுப்பை ஆய்வுக்கு அனுப்பினார்களா என்று விசாரித்து, அறிக்கை வரும் நாளில் நேரில் சென்று வாங்குங்கள். தையல் பிரித்ததோடு வேலை முடிந்தது என்று பலர் அதை வாங்காமலே விட்டுவிடுகின்றனர். ஞானஸ்நானச் சான்றிதழும் குடும்ப அட்டையும் வைத்திருக்கும் பெட்டியிலேயே அத்தாளையும் வைத்துவிடுங்கள். பத்தாண்டுகள் கழித்து வேறோர் ஊரில் வேறொரு மருத்துவர், "அன்று என்ன இருந்தது, அம்மா?" என்று கேட்கும்போது அவருக்குக் காட்ட அது ஒன்றே இருக்கும்.